ரிவியர்னு ஒரு வார்த்தை: பரீட்சைக்கு வேணும், மெயிலுக்கு வேணாம்

வணக்கம் சார். நீங்க வாட்ஸப்ல அனுப்புன ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டும் பாத்தேன், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி பரீட்சைக்கு பொண்ணு எழுதுன மாக் டெஸ்ட் ஒண்ணு, பெங்களூர் ப்ரொபசருக்கு ப்ராஜெக்ட் கேட்டு அவ எழுதி வச்சிருக்குற மெயில் ஒண்ணு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அதான் இங்கிலீஷ் வரமாட்டேங்குது, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேத்துடட்டுமான்னு கேட்டிருந்தீங்க. இப்போதைக்கு வேணாம் சார், அந்த காச வச்சிருங்க. ஏன்னா ரெண்டு ஸ்கிரீன்ஷாட்லயும் தப்பு ஒரே வார்த்தையிலதான், ரிவியர், ஆர்-ஈ-வி-ஈ-ஆர்-ஈ, ஒருத்தர ரொம்ப உசத்தியா மதிக்கிறதுன்னு அர்த்தம். டெஸ்ட்ல அது தெரியாம மார்க் போச்சு, சரி போய் தெரிஞ்சுக்கிட்டா, தெரிஞ்ச கையோட தூக்கி மெயில்ல போட்டுட்டா. இதுக்கு ஸ்போக்கன் கிளாஸ் மருந்து இல்ல.

முதல்ல டெஸ்ட் விஷயம். ரிவியருக்கு எதிர்ச்சொல் கேட்டிருக்கான், நாலு ஆப்ஷன்: வெனரேட், டிஸ்பைஸ், ரிவர்ட், அட்மயர். பொண்ணு ரிவர்ட் போட்டிருக்கா. பாக்க ஒரே மாதிரி இருக்குல்ல, அதான். ரிவர்ட்னா பழைய நிலைக்கே திரும்பிப் போறது, ரிவர்ஸ் அதோட பங்காளி. ரெவரின்னு இன்னொண்ணு இருக்கு, அது பகல் கனவுல உக்காந்திருக்கறது. இதுக்கெல்லாம் ரிவியரோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல. வெனரேட்னா கிட்டத்தட்ட ரிவியரோட அதே அர்த்தம், எதிர்ச்சொல் கேள்வியில அதே அர்த்தம் உள்ளத உள்ள சொருகி வைக்கிறது இவங்களோட பழைய வேல, அவசரத்துல படிக்கிற புள்ளைங்க அதுல விழும். சரியான விடை டிஸ்பைஸ், அதாவது கேவலமா நெனைக்கிறது.

அர்த்தத்துக்கு வருவோம். வெறும் மரியாதைன்னு எழுதி வச்சா பத்தாது. லத்தீன்ல இதோட வேர் ஒரு வினைச்சொல், பயப்படுறது, பிரமிச்சு நிக்கிறதுன்னு அர்த்தம் வரும், அதனால இதுக்குள்ள மரியாதையோட சேந்து ஒரு நடுக்கமும் இருக்கு. நம்ம ஊர்ல பயபக்தின்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான். அதனாலதான் இது யாருக்கு வருதுன்னு பாத்தீங்கன்னா காந்தி, அம்பேத்கர், நெல்சன் மண்டேலா, திருக்குறள், கங்கை நதி, இந்த மாதிரி. மனுசனுக்கு மட்டும் இல்ல, புத்தகத்துக்கு, நதிக்கு, ஒரு பழைய வழக்கத்துக்குக்கூட வரும். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு வராது, அவரு எவ்ளோ நல்லவரா இருந்தாலும்.

இந்த மரியாதை வார்த்தைங்க எல்லாத்தையும் ஒரே லைன்ல போட்டு எல்லாம் சேம் மீனிங்னு நோட்ஸ்ல எழுதிக் குடுக்கறாங்க பாருங்க, எனக்கு அதுலதான் எரிச்சல். ரெஸ்பெக்ட் யாருக்கு வேணா குடுக்கலாம், புடிக்காதவனுக்குக்கூட குடுக்கலாம், எதிர் டீம் பவுலர நான் ரெஸ்பெக்ட் பண்றேன்னு பேட்ஸ்மேன் சொல்றானே. அட்மயர்னா ஒருத்தர்கிட்ட இருக்குற திறமை, குணம், அத பாத்து ரசிச்சு மதிக்கிறது. அடோர்ல பாசம் தூக்கலா இருக்கும், பாட்டிய அடோர் பண்ணலாம், பிரின்சிபால அடோர் பண்றேன்னு எழுதினா படிக்கிறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. எஸ்டீம் கொஞ்சம் கோட்டு போட்ட வார்த்தை, அதுவும் தனியா வர்றத விட ஹோல்ட் இன் ஹை எஸ்டீம்னு கூட்டத்தோடதான் வரும். வெனரேட் போனா கோயில், சர்ச் பக்கம் சாயும். கத்தோலிக்கர்கிட்ட கேட்டீங்கன்னா இதுல கறாரா சொல்லுவாங்க, புனிதர்கள வெனரேட் பண்ணுவோம், வொர்ஷிப் கடவுளுக்கு மட்டும்தான்னு. புனிதர் பட்டத்துக்கு முன்னாடி வர்ற ஒரு படிக்கே வெனரபிள்னு பேரு, அன்னை தெரசா 2002ல வெனரபிள், 2003ல அருளாளர், 2016ல புனிதர். இலங்கையில பௌத்த பிக்குகள் பேருக்கு முன்னாடியும் இங்கிலீஷ்ல வெனரபிள் போடுவாங்க. இப்படி ஒரு ஆள், ஒரு இடத்தோட சேத்து படிச்சா மறக்கவே மறக்காது, லிஸ்ட்ல படிச்சா சாயங்காலம் வரைக்கும்தான் நிக்கும்.

அப்புறம் இதோட குடும்பத்துல ரெண்டு பேரு எல்லாரையும் குழப்புவாங்க, ரெவரெண்ட், ரெவரன்ட். முதல்ல சொன்னது கடைசியில டோருக்கு வர்ற டி எழுத்து, சர்ச் ஐயருக்கு முன்னாடி போடுற பட்டம், 1886ல திருக்குறள இங்கிலீஷ்ல கொண்டு வந்த ஜி.யு.போப் பேருக்கு முன்னாடி இருக்கே அது, மரியாதைக்கு உரியவர்னு அர்த்தம். ரெண்டாவது கடைசியில டைகருக்கு வர்ற டீ எழுத்து, மரியாதை செலுத்துறவர். வாங்குறவர் ஒருத்தர், குடுக்கறவர் ஒருத்தர். இர்ரெவரன்ட்னு சினிமா ரிவ்யூல நெறைய வரும், பெரிய விஷயத்தையும் கலாய்க்கிற ஆளு, அது திட்டு இல்ல, பல நேரம் பாராட்டுதான். உச்சரிப்பு ஒண்ணு சொல்லிடுறேன், இன்டர்வியூல ரெவர்னு சொல்ற பசங்க நெறைய பேரு, அது ரி-வியர், சிவியர் மாதிரி ரெண்டாவதுல அழுத்தம். ஆனா ரெவரன்ஸ்னு பெயர்ச்சொல் ஆகும்போது அழுத்தம் முதல் எழுத்துக்கு போயிடும்.

இப்ப மெயில். ம்மா, இந்த பகுதிய நீயே படி, அப்பா அப்புறம் பாக்கட்டும். உன் முதல் லைன் இப்படி ஆரம்பிக்குது: மோஸ்ட் ரிவியர்ட் சார், ஐ ஆம் ரிவியரிங் டு யூ அண்ட் யுவர் எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூட் ஸின்ஸ் மை சைல்ட்ஹுட். நல்ல மனசோட எழுதியிருக்க, தெரியுது. ஆனா அந்த இன்ஸ்டிட்யூட் வெப்சைட்ல போய் பாத்தேன், அவங்க சார் இல்ல, மேடம். பேர வச்சு ஆணுன்னு நெனச்சுட்ட போல. ஒரு நிமிஷம் அவங்க பேஜ திறந்திருந்தா போட்டோவே இருந்துச்சு. சைல்ட்ஹுட்லேர்ந்து பயபக்தியோட இருக்கேன்னு சொல்லிட்டு ஆணா பெண்ணான்னே பாக்கலன்னா அவங்க என்ன நெனைப்பாங்க நீயே சொல்லு.

அடுத்து டு. ரிவியருக்கு அப்புறம் டு வராது, ஃபார் வராது, நேரா ஆள போட்டுடணும். நம்ம தமிழ்ல அவருக்கு மரியாதை குடுக்கறேன்னு கு போட்டு பேசுறோம்ல, அந்த கு தான் அங்க போய் டு ஆயிடுது. ரெஸ்பெக்ட்லயும் இதே தப்ப நம்ம ஊர் பசங்க நெறைய பண்ணுவாங்க, ஐ ரெஸ்பெக்ட் டு மை டீச்சர்னு. அதே மாதிரி மதிச்சுக்கிட்டு இருக்கேன்னு நாம சொல்றதால ஐ-என்-ஜி போட்டுட்ட, இங்கிலீஷ்ல இந்த மாதிரி மனநிலை வினைச்சொல்லுக்கு பொதுவா ஐ-என்-ஜி போட மாட்டாங்க, தெரியும்ங்கற அர்த்தத்துல வர்ற நோ, அப்புறம் லவ், பிலீவ் மாதிரி இதுவும். எஸ்எஸ்சியில எர்ரர் கண்டுபுடிக்கற கேள்வியில இந்த ரெண்டு இடத்துலயும் கை வைப்பாங்க, குறிச்சு வச்சுக்க.

கிராமர் சரி பண்ணிட்டாலும் அந்த வார்த்தை அங்க நிக்கக்கூடாதும்மா. ரிவியர் பெரும்பாலும் மூணாவது மனுசர பத்தி, மத்தவங்க சொல்ற வார்த்தை, அதுவும் முக்காவாசி செயப்பாட்டு வினையில வரும், இன்னாரு இன்னாரால ரிவியர் செய்யப்படுறார்னு. நேர்ல நிக்கிறவங்க மூஞ்சிக்கு நேரா நான் உங்கள ரிவியர் பண்றேன்னு சொன்னா சிலைக்கு மாலை போடுற மாதிரி ஆயிடும். எஸ்டீம்ட் இன்ஸ்டிட்யூட்டும் அப்படித்தான், இந்தியாவுல வேலைக்கு போடுற லெட்டர் நெறைய இதுலதான் ஆரம்பிக்குது, படிக்கிறவங்க கண்ணு அத தாண்டித்தான் படிக்க ஆரம்பிக்கும். ரெஸ்பெக்டட் மேடம்னு போட்டா நம்ம ஊர் ப்ரொபசர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, அது நம்ம வழக்கம். ஆனா நாளைக்கு ஜெர்மனி, இங்கிலாந்துன்னு மெயில் போடும்போது டியர் ப்ரொபசர், அப்புறம் அவங்க குடும்பப்பேரு, அவ்ளோதான். டியர்னு எழுதினா அன்பேன்னு நெனச்சுக்குவாங்களோன்னு பயப்படாத, லெட்டர் ஆரம்பிக்கிற வழக்கம் அது.

அப்ப மரியாதைய எங்க காட்டுறது? அவங்க பேப்பர் ஒண்ணு எடுத்து சுருக்கத்தையும் படங்களையும் ஒழுங்கா படி, முழுசா புரியலன்னாலும் பரவால்ல. படிச்சதுல உனக்கு எழுந்த ஒரே ஒரு கேள்விய ரெண்டு வரியில எழுது. நீ மூணாம் வருஷம் பாட்டனி, காலேஜ்ல எந்த லேப் டெக்னிக் உன் கையாலயே செஞ்சிருக்க, எந்த மாசத்துல எத்தன வாரம் வர முடியும், இத எழுது. பதினைஞ்சு வரிக்குள்ள முடி. ஒரு நாளைக்கு இந்த மாதிரி மெயில் குவியுற ஆளுக்கு இதவிட பெரிய மரியாதை இல்ல.

சார், இப்ப உங்களுக்கு. எஸ்எஸ்சி கணக்கு கொஞ்சம் பாருங்க, அவளுக்கும் சொல்லுங்க. டிகிரி முடிச்சவங்க எழுதுற சிஜிஎல் பரீட்சையில டயர் ஒண்ணு, அதாவது முதல் கட்டத்துல இங்கிலீஷ் 25 கேள்வி, ஒண்ணுக்கு 2 மார்க், தப்பானா அரை மார்க் போகும். கண்ண மூடிட்டு நாலுல ஒண்ண போட்டாக்கூட நாலு கேள்விக்கு சராசரியா 2 மார்க் வந்து ஒண்ணரை போகும், அரை மார்க் லாபம்தான். டயர் ரெண்டுல இங்கிலீஷ் 45 கேள்வி, ஒண்ணுக்கு 3 மார்க், தப்புக்கு 1 மார்க். அங்க கண்ண மூடி போட்டா வர்றதும் போறதும் சரியா போயிடும், பூஜ்யம். ஆனா ஒரே ஒரு ஆப்ஷன் தப்புன்னு உறுதியா தெரிஞ்சு அத அடிச்சுட்டா அங்கயும் லாபம் ஆரம்பிச்சுடும். அதனால வார்த்தை முழுசா தெரியணும்னு இல்ல, இது நல்ல பக்கமா கெட்ட பக்கமா, பெரிய ஆளுக்கா சாதாரண ஆளுக்கான்னு தெரிஞ்சாலே பாதி ஆப்ஷன் போயிடும். ரிவியர் நல்ல பக்கம்னு தெரிஞ்சிருந்தா எதிர்ச்சொல்லுக்கு வெனரேட்டும் அட்மயரும் அங்கயே அவுட், மிச்சம் ரெண்டு.

ஆயிரம் வார்த்தை லிஸ்ட் வாங்கி செவுத்துல ஒட்டியிருக்கீங்கன்னு சொன்னீங்க, கழட்ட வேணாம், இருக்கட்டும். ஆனா தினம் பத்து வார்த்தை மனப்பாடம்ங்கறத நிறுத்திட்டு பழைய கேள்வித்தாள்ல வந்த வார்த்தைங்கள மட்டும் எடுக்கச் சொல்லுங்க, திரும்பத் திரும்ப அதே முகங்கதான் வரும். ஒவ்வொண்ணுக்கும் யார், எதுக்காகன்னு ஒரு வரி எழுதணும். ரிவியர்ட் ஆஸ், ரிவியர்ட் ஃபார், ரிவியர்ட் பை, இப்படி பின்னாடி ஒட்டுற குட்டி வார்த்தையோட சேத்து. லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி ரெண்டும் போன்லயே இலவசமா பாக்கலாம், அர்த்தத்துக்கு கீழ இருக்குற உதாரண வாக்கியத்த படிக்கணும், அர்த்தத்த மட்டும் படிச்சுட்டு மூடிடக்கூடாது. இன்னொண்ணு, இந்த வகை வார்த்தை எல்லாம் ஒரே இடத்துல மேயும்னா அது இங்கிலீஷ் பேப்பர்ல பெரியவங்க யாராவது இறந்தா வர்ற கட்டுரைதான். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 2023 செப்டம்பர்ல காலமானப்ப வந்த கட்டுரைங்க இன்னும் நெட்ல கிடைக்குது, செடி படிக்கிற பொண்ணு, அவளுக்கும் ஆர்வமா இருக்கும். ரெண்டு மூணு பேப்பர்ல அத படிச்சு மரியாதை வினைச்சொல் எங்க எங்க வருதுன்னு பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க.

தமிழ் மீடியம் விஷயம்னு நீங்க தலையில கை வச்சுக்கறது எனக்கு சரியா படல. இங்கிலீஷ் மீடியத்துல எல்கேஜிலேர்ந்து படிச்ச பசங்களும் எங்கிட்ட எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்னு தான் எழுதிட்டு வர்றாங்க. பொண்ணு ஒரு வார்த்தை தப்பாச்சுன்னா அன்னிக்கே தேடி கண்டுபுடிச்சு அடுத்த நாளே யூஸ் பண்ணி பாக்கறா, இது கிளாஸ்ல சேத்து வர்ற குணம் இல்ல. அவகிட்ட மெயில் தப்பு தப்புன்னு இப்ப போய் சொல்லிட்டு இருக்காதீங்க, நான் மேல எழுதினத அவளே படிச்சுக்கட்டும்.

மெயில் இன்னிக்கு ராத்திரி போக வேணாம். பேப்பர படிச்சுட்டு புதுசா எழுதி முதல்ல எனக்கு அனுப்பச் சொல்லுங்க. சப்ஜெக்ட் லைன் காலியா இருக்கு, அதுல ப்ராஜெக்ட் ரிக்வஸ்ட், எந்த மாசம், எந்த காலேஜ்னு போடணும். அட்டாச்மென்ட் பேரு ரெஸ்யூம் நியூ ஃபைனல் டூன்னு இருக்கு, அதயும் மாத்தி அவ பேர வைக்கச் சொல்லுங்க.