குக்கர் விசிலும் வீட்டுப் பத்திரமும்

போன சனிக்கிழமை விருதுநகரிலிருந்து ஒரு தம்பதி, மகனின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு, அவனோடு என்னிடம் வந்திருந்தார்கள். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், மகள் பத்தாவது. இருவரும் சேர்ந்து வேடிக்கைப் பாட்டுகள் செய்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். "கூத்தாடிப் பிழைப்பாகிவிடுமோ சார்?" என்று கேட்டார் அப்பா. பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் பேசி முடித்துவிட்டாராம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதுதான் பாக்கி.

கவலைப்படாதீர்கள் என்று நானும் பத்து நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பையன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க மறந்த அம்மாவைப் பற்றிய பாட்டு. குக்கர் விசில்தான் தாளம். எதிரொலி வராமல் இருக்கப் பீரோக் கதவைத் திறந்துவைத்து, அதன்மேல் இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தானாம். ஆவி இரையும் சத்தத்தை மட்டும் தனியாக எடுக்க ஏழு முறை குக்கர் வைத்திருக்கிறார்கள். (அன்று வீட்டில் மூன்று வேளையும் சாம்பார் சாதம் என்றார் அம்மா.) வரிகள் முழுக்கத் தங்கையுடையவை.

பெரியப்பாவின் யோசனைக்கு என் பதில் இதுதான்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். விருப்பமில்லாத படிப்புக்கு வீட்டை அடகு வைத்தால், அரியர் வைப்பவன் பையன்; வட்டி கட்டுபவர் நீங்கள். பெரியப்பா வந்து ஒரு தவணையும் கட்டமாட்டார்.

வேடிக்கைப் பாட்டு விளையாட்டாக வருவதில்லை. நார்வேயின் இல்விஸ் சகோதரர்கள் 2013இல் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் விளம்பரத்துக்காக, நரி எப்படிக் கத்தும் என்று கேட்டு ஒரு பாட்டுச் செய்தார்கள். அது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. வரிகள் கிறுக்குத்தனம், ஒலியமைப்போ, முன்னணிப் பாடகர்களுக்கு இசையமைத்த ஸ்டார்கேட் குழுவினுடையது. சிரிப்பு எடுபட்டதற்கு அந்தச் சுத்தமான ஒலி ஒரு பெரிய காரணம்.

உங்கள் பையனின் கை ஓடுவது அந்த ஒலியமைப்புப் பக்கம்தான். சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவு, நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. நடிப்பு, இயக்கம் என்று அலைகிறவர்கள் பலரின் கண்ணில் இது படுவதேயில்லை. எந்த மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, படப்பிடிப்புத் தளத்தின் இரைச்சலுக்கு நடுவே வசனத்தை எப்படிப் பிடிப்பது, காலடிச் சத்தத்தையும் கதவுக் கிரீச்சையும் ஸ்டூடியோவில் எப்படி மறுபடி உண்டாக்குவது, கடைசியில் குரல், இசை, சத்தம் மூன்றையும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படிக் கலப்பது என்று இந்தத் தொழிலில் கற்க நிறைய இருக்கிறது. சினிமா கைகொடுக்காவிட்டாலும் டப்பிங், விளம்பரம், ஒலிப்புத்தகம், மேடை நிகழ்ச்சி என்று வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவு. இரவு வேலை சகஜம். அதை மறைக்கமாட்டேன்.

இடங்கள் மிகக் குறைவு. தகுதி, கட்டண விவரங்களை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் சேரட்டும். ஒலியும் அதற்குள்தானே வருகிறது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் சவுண்டு என்ஜினீயர் ஆக்குகிறேன் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

இன்னொன்று. சினிமா மெட்டில் சொந்த வரிகளைப் போட்டு ஏற்றினால், வருகிற விளம்பரப் பணம் மெட்டுக்கு உரியவர்களிடம் போய்விடலாம். மெட்டும் சொந்தமாக இருக்கட்டும். வருமானம் வந்தால் பாதி தங்கைக்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். அமெரிக்காவின் கிரெகரி சகோதரர்கள் 2010இல் ஒரு செய்திப் பேட்டியைப் பாட்டாக்கியபோது, பேட்டி கொடுத்தவருக்கும் வருமானத்தில் பங்கு கொடுத்தார்கள். கூடப்பிறந்தவளுக்குக் கொடுப்பதில் என்ன கணக்கு?

அவள் என்ன படிப்பது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். அந்தக் குக்கர் பாட்டில் இரண்டாவது சரணத்தை எப்படி எழுதினாள் என்று எனக்குக் கேட்க வேண்டும்.