டாம் அண்ட் ஜெர்ரியில் யாரும் பேசுவதே இல்லை, இருந்தும் ஏன் இத்தனை வருஷமாகச் சலிக்கவில்லை?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த வரிகளைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வயது 34, ராத்திரி ஃபோனில் பூனையும் எலியும் ஓடினால்தான் சோறு இறங்குகிறது, வீட்டில் "நீ என்ன சின்னப் புள்ளையா" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆனவராக இருப்பீர்கள். கேலி செய்வது யாராக இருந்தாலும் நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. எனக்கு 53 ஆகிறது, நானும் பார்க்கிறேன்.

நான் படம் வரைகிறவனோ சினிமா படித்தவனோ இல்லை. கடலூர் முதுநகரில், எங்கள் பேச்சில் ஓ.டி.யில், 1996 முதல் 2019 வரை கேபிள் டி.வி. நடத்தினேன். துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள், இரண்டு குப்பம், நன்றாக ஓடிய காலத்தில் 430 இணைப்பு. யார் வீட்டில் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மாத வசூலுக்குப் போகும்போது வாசற்படியிலேயே தெரிந்துவிடும். "இதெல்லாம் ஆராய்ச்சியா" என்று யாராவது கேட்டால், இல்லை, 23 வருஷம் அத்தனை வாசற்படியும் ஏறி இறங்கியவன் கண்ணால் பார்த்தது, அவ்வளவுதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியாது. அன்றைக்குப் பல வீட்டு டி.வி.யில் எட்டே பட்டன்தான், கொஞ்சம் நல்ல செட்டில் பன்னிரண்டு. கண்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு சேனலுக்கும் டிஷ் சிக்னலை வாங்க ஒரு ரிசீவர், அதை வயரில் ஏற்ற ஒரு மாடுலேட்டர் வேண்டும். புதிதாக ஒன்றைப் போட வேண்டுமென்றால் ஏற்கெனவே ஓடுவதைத் தூக்க வேண்டும். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995-ல். பகலில் கார்ட்டூன், ராத்திரியானால் அதே சேனலில் டிஎன்டி என்று பழைய இங்கிலீஷ் படங்கள். எங்கள் ஏரியாவில் இங்கிலீஷ் தெரிந்த வீடு விரல் விட்டு எண்ணலாம் என்பதால், ஒரு கிரிக்கெட் தொடருக்காக அதைத் தூக்கிவிட்டு மேட்ச் போட்டேன்.

பிள்ளைகள் அழுவார்கள் என்று தெரியும். கருவாட்டுக் கூடையோடு ஒரு ஆயா கண்ட்ரோல் ரூம் படியேறி வரும் என்று நினைக்கவில்லை. எழுபதை ஒட்டிய வயசு. கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, எங்க அந்தப் பூன?" என்றது. பேரப்பிள்ளைகளுக்காகக் கேட்கிறது என்று நினைத்து, மேட்ச் முடியட்டும் ஆயா என்றேன். "எனக்குத்தாண்டா கேக்கறன். மத்த படம்னா அவன் இன்னா சொன்னான், இவ ஏன் அழுவறான்னு பேரனக் கேக்கணும். அவன் சலிச்சிக்கிறான். இதப் பாக்க எவன் தயவும் வேணாம்" என்றது.

உங்கள் கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் இன்றுவரை கேட்கவில்லை.

வசனத்தில் வரும் சிரிப்பு ஒரு வீட்டுக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. பாஷை தெரிந்தவன் முதலில் சிரிப்பான். தெரியாதவர் அவன் முகத்தைப் பார்ப்பார். அவன் மனசு வைத்துச் சொன்னால் இவர் பிந்திச் சிரிப்பார், அதற்குள் அடுத்தது போயிருக்கும். கான்வென்ட்டில் படித்த சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து இங்கிலீஷ் படம் பார்த்தவன் நான், அந்தப் பிந்திய சிரிப்பு எப்படிக் கசக்கும் என்று தெரியும். பூனை எலியில் அது கிடையாது. வாணலி முகத்தில் விழுந்து முகமே வாணலியாக மாறினால், மூன்று வயசும் எழுபது வயசும் ஒன்றாகத்தான் சிரிக்கும். மிஸ்டர் பீன் போட்டபோதும் இதே கதைதான்.

பேச்சு வேண்டாம் என்றாலும் எழுத்து வந்து கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. ரோடு ரன்னர் என்று ஒரு கார்ட்டூன், 1949-ல் தொடங்கியது, அதில் பறவையைத் துரத்தும் ஓநாய் மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடும், நிற்கும், கீழே பார்க்கும், பிறகு நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையிலேயே வீடு அதிரும். ஆனால் சில நேரம் அது ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டும், இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். உடனே "இன்னா எழுதியிருக்குது?" என்று ஒருவர் கேட்பார், படிக்கத் தெரிந்த பையன் எழுத்துக் கூட்டுவான், அதற்குள் ஓநாய் விழுந்து புழுதி கிளம்பியிருக்கும். இப்படிப் பல வாசலில் பார்த்திருக்கிறேன்.

இனி என் சொந்தக் கதை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் எங்களுக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஊரில் நின்ற கரண்ட் கம்பத்தைவிடப் படுத்த கம்பம் அதிகம். என் வயர் மொத்தமும் தரையில். சுனாமிக்கு ஒரு தடவை இழந்தேன், இது இரண்டாவது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 11 நாள் ஆனது. கிராமங்களில் இன்னும் கூட.

கண்ட்ரோல் ரூமில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. தெருவுக்கு இழுத்து வந்து, மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். எல்லோரும் செல்ஃபோன் சார்ஜ் போட வருவார்கள். காசு வாங்கவில்லை. வேறு தெருவில் ஒரு ஃபோனுக்கு இவ்வளவு என்று வாங்கியவர்கள் உண்டு, அது அவர்கள் கணக்கு. மூன்றாம் நாள், அதாவது புதுவருஷத்தன்று ராத்திரி, பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் என் வீட்டு 21 இஞ்ச் டி.வி.யைத் தூக்கி வந்து திண்ணையில் வைத்தேன். முதலில் ஒரு தமிழ் காமெடிப் படம் போட்டேன். பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்தது. ஜெனரேட்டர் பக்கத்திலேயே உறுமுகிறது, வசனம் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. வாய் அசைகிறது, யாரும் சிரிக்கவில்லை.

பாண்டி சண்டே மார்க்கெட்டில் 30 ரூபாய்க்கு வாங்கிய பூனை எலி டிவிடி ஒன்று இருந்தது. அதைப் போட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்பவர் ஒருவரின் மகன், அப்போது பதினோரு வயசு இருக்கும், பிறவியிலேயே காது கேட்காது. தெருவில் அவனுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன். எப்போதும் கூட்டத்தின் கடைசியில் நிற்பான். ஓடியது பூனை பியானோ வாசிக்கும் கதை. அதற்கு ஆஸ்கர் கிடைத்தது என்று பின்னால் படித்தேன். பூனை கோட்டு சூட்டோடு மேடைக்கு வரும். எலி பியானோவுக்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். வாசிக்க ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் சுத்திகள் அதைத் தூக்கிப் போடும். பிறகு எலி வெள்ளைக் கட்டை இருக்கும் இடத்தில் ஒரு எலிப்பொறியை வைக்கும். பூனைக்குத் தெரியாது. விரல் பொறிக்கு இந்தப் பக்கம் விழும், அந்தப் பக்கம் விழும், மறுபடி இந்தப் பக்கம். அப்போது அந்தப் பையன் என் தோளுக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தினான். நாலு விரலை மடக்கி ஒரு விரலை நீட்டி, காற்றில் மெதுவாக இறக்கி, சரியாகப் பொறி அடித்த நொடியில் கையை உதறினான். தெரு மொத்தமும் அவனோடு சேர்ந்து துள்ளியது. அடுத்த அடிக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு அவன் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவன் அந்தக் கதையை அதற்கு முன் பார்த்ததில்லை என்று அவன் அம்மா சொன்னார். எனக்கு அதிசயமாக இல்லை. நாங்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சத்தம் இல்லாமல் டி.வி. பார்க்கிறோம். அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்க்கிறான். எப்போது ஓங்குவார்கள், எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், எப்போது விடுவார்கள் என்பது அவனுக்குக் கண்ணில் பதிந்திருந்தது.

மறுநாள் சத்தம் கேட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று நீள வயர் இழுத்து ஜெனரேட்டரை முனைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோனேன். பாட்டு கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பையனுக்கு மட்டும் என்னவென்று புரியவில்லை. திரும்பி ஜெனரேட்டர் இருந்த இடத்தைப் பார்த்தான். அது அங்கே இல்லை. என்னைப் பார்த்தான். நான் முனையைக் கை காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பேச்சில்லாதது வேறு, சத்தமில்லாதது வேறு. அந்தப் பியானோ கதையில் எலி உள்ளே சுத்திகள் மேல் ஆடி ராகத்தையே வேறு பாட்டுக்கு மாற்றிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் ராத்திரி அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் காதில் விழுந்ததும் சிரித்தார்கள், பையன் சிரிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஸ்காட் பிராட்லி என்பவர்தான் அந்தப் பழைய கதைகளுக்கு இசை. பூனை ஒரு படி இறங்கினால் வாத்தியமும் ஒரு படி இறங்கும். வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை 114 கதை எடுத்தார்கள், ஏழு ஆஸ்கர். கதைக் குறும்பும் படமும் பார்பெரா, எந்த நொடியில் எது விழ வேண்டும் என்ற கணக்கு ஹானா. பூனை வலியில் போடும் அந்த அலறல்கூட ஹானாவின் தொண்டைதான்.

"பூனை ஒரு கதையில் பாட்டே பாடியிருக்கிறதே, காலை மட்டும் காட்டும் அந்த அம்மா பேசுகிறாரே" என்பீர்கள். சரிதான். ஆனால் அந்த அம்மா இங்கிலீஷில் என்ன திட்டினார் என்று எங்கள் ஏரியாவில் ஒருவரும் கேட்டதில்லை, கையில் இருந்த துடைப்பமே சொல்லிவிட்டது. 1992-ல் வந்த முழுநீளப் படத்தில் இரண்டையும் வாய் திறந்து பேச வைத்தார்கள். பாருங்கள், பேச ஆரம்பித்ததும் இரண்டும் வேறு யாரோ ஆகிவிடும். அடிதடியைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நான் பார்த்த பிள்ளைகள் ஒருவரையும் வாணலியால் அடிக்கவில்லை. அடி வாங்கியவன் அடுத்த நொடி எழுந்து வருகிறான் என்பதால்தான் சிரிக்கிறார்கள்.

இப்போது யூட்யூபில் இதே கதைகளுக்கு ஊர்ப்பேச்சுத் தமிழில் குரல் கொடுத்துப் போடுகிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தமிழ் டப்பிங்குக்கு நான் விரோதி இல்லை. சுட்டி டி.வி.யில் ஜாக்கி சான் கார்ட்டூன் தமிழ் பேசியபோது தெருவில் ஒரு பிள்ளை இருக்காது, அது பேச்சுக்காகவே எழுதிய கதை. பூனை நம்மைத் திரும்பிப் பார்க்கும் அந்த அரை நொடியில் ஒருவர் பேசினால், ஆயா வேண்டாம் என்று சொன்ன தயவு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பையனுக்கு அதில் என்ன இருக்கிறது?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019-ல் கட்டண முறை மாறியது. 100 சேனலுக்கு அடிப்படை 130 ரூபாய், வரியோடு 153, அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று டிக் அடித்தேன். மீன் பாடு இல்லாத வீட்டில் முதலில் வெட்டியது பிள்ளைகள் சேனலைத்தான். சீரியலை யாரும் வெட்டவில்லை. மேலே இருந்த பெரிய கம்பெனிக்காரர்கள், பாக்ஸ் கோளாறு என்றால் ஃபோனைக் கூட எடுக்க மாட்டார்கள், வாசலில் நின்று திட்டு வாங்கியது நான். அந்த வருஷ முடிவில் லைனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். 23 வருஷ உழைப்புக்குக் கைக்கு வந்த தொகையை எழுதினால் நம்ப மாட்டீர்கள். வயர் இழுத்து, கம்பம் ஏறி, மூன்று இயற்கைச் சீற்றத்தில் (2015 வெள்ளம் மூன்றாவது) எல்லாவற்றையும் இழந்து மறுபடி கட்டியவனுக்கு ஒரு மரியாதையும் இல்லை. போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி தட்டுக்கு முன்னால் ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைப்பீர்கள், உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. நாளைக்கு அதைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், கேலி செய்கிறவருக்கும் தெரியட்டும். ஒன்றும் விளக்கிச் சொல்லாதீர்கள். பியானோ கதையிலிருந்து ஆரம்பியுங்கள், எலிப்பொறி வருகிற இடத்தில் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.