சமாதானக் கூட்டம் வேண்டாம், கேட்டைக் கவனியுங்கள்

வணக்கம் மேடம்,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் நிறுவனத்தில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். எங்கள் செக்கிங் செக்‌ஷனில் ஒரு பெண், வேலையில் கெட்டிக்காரர். சில மாதங்களாகத் தாமதமாக வருகிறார், சொல்லாமல் லீவு எடுக்கிறார், பீஸ் கணக்கில் தப்பு வருகிறது. கையில் கன்றிப்போன தடம் பார்த்தோம். அவர் கணவர் ஆபீஸ் லேண்ட்லைனுக்குத் தினமும் பலமுறை கூப்பிட்டு "உள்ள இருக்காளா?" என்று கேட்கிறார். போன வாரம் ஷிப்ட் முடியும் நேரத்தில் கேட்டில் நின்று கத்தினார். கேன்டீனில் நான் கேட்டதற்கு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார். அதிலிருந்து என்னைக் கண்டாலே ஒதுங்குகிறார். ஜி.எம். "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிங்க, இல்லைன்னா மெமோ கொடுங்க" என்கிறார். உள்ளகப் புகார்க் குழுத் தலைவியோ இது வீட்டு விஷயம், குழுவுக்குள் வராது என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் ஜி.எம். சொல்லும் அந்தக் கூட்டத்தை நிறுத்துங்கள். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்டால் அந்தப் பெண் "ஒண்ணுமில்லைங்க சார்" என்றுதான் சொல்வார். வேறு ஏதாவது சொன்னால் அதற்கு அன்று ராத்திரி அடிவாங்கப் போவது அவர்தான். சொல்லாவிட்டாலும், மனைவி ஆபீசில் எதையோ சொல்லிவிட்டாள் என்று அந்த ஆள் முடிவுகட்டிவிடுவார். அடுத்து வருவது பெரும்பாலும் ராஜினாமாக் கடிதம், அதுவும் அவரே எழுதிக்கொடுத்து இவள் கையெழுத்துப் போட்டது. கையில் வரும் சம்பளமும், வீட்டுக்கு வெளியே இருக்கிற நாலு மனிதர்களும் ஒரே நாளில் போய்விடும். சமாதானப் பேச்சு சம பலமுள்ள இருவருக்குத்தான் ஆகும்.

உங்கள் கடிதத்தில் தாமதம், லீவு, கணக்குத் தப்பு, போன், கேட் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றை ஒரே சங்கிலியாகப் பாருங்கள். கம்பெனி பஸ் போகும்வரை சண்டையை இழுப்பது, செல்போனையோ ஐ.டி. கார்டையோ ஒளித்துவைப்பது, விடிய விடியத் தூங்கவிடாமல் வைப்பது, எல்லாம் வேலையைக் கெடுக்கத்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் அடிப்பதோடு நிற்கவில்லை. சொல்லால், மனத்தளவில், பாலியல் ரீதியாக, பொருளாதார ரீதியாகச் செய்யும் கொடுமையும் அதில் வருகிறது. பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் சம்பவ அறிக்கைப் படிவத்தில் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, வேலையில் தொந்தரவு செய்வது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் தனித்தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. லேண்ட்லைனுக்கு வரும் அந்த அழைப்புகள் சட்டத்தின் கண்ணில் வன்முறைதான். உங்கள் செக்‌ஷனில் இவர் ஒருவர்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். அகில இந்தியச் சராசரியைவிட இது அதிகம்.

இனி அவரிடம் பேசுவது. கேன்டீனில் கேட்டது தவறான இடம்; பக்கத்து மேசையில் அவர் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம், கணவரின் சொந்தக்காரரே இருக்கலாம். ஹெச்.ஆர். அறைக்குத் தனியாகக் கூப்பிட்டாலும் லைன் முழுக்கக் கண் திரும்பும். இ.எஸ்.ஐ. படிவம், பி.எஃப். விவரம் சரிபார்ப்பு என்று எல்லோரையும் கூப்பிடும் வரிசையில் அவரையும் கூப்பிடுங்கள். கதவுப் பக்கம் அவருக்கு, உள்பக்கம் உங்களுக்கு. காயத்திலிருந்து தொடங்காதீர்கள், வேலையிலிருந்து தொடங்குங்கள்: "கொஞ்ச நாளா நீங்க ரொம்பச் சோர்வா இருக்கற மாதிரி எனக்குப் படுது. வேலையில நான் ஏதாவது மாத்திக்கொடுத்தா உதவியா இருக்குமா? என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லணும்னு இல்லை."

அவர் சொல்லத் தொடங்கும் முன் ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் உங்களுக்குத் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலும் சும்மா இருக்க முடியாது. இதையெல்லாம் முன்னாலேயே சொன்னால், எதைச் சொல்வது எதை விடுவது என்று அவரே தீர்மானிப்பார். அவர் பேசினால் கேளுங்கள். தேதி, வரிசை, காரணம் என்று குடையாதீர்கள். "ஏன் இன்னும் அங்க இருக்கீங்க?" என்ற கேள்வி எந்தத் தொனியில் கேட்டாலும் குற்றச்சாட்டாகத்தான் விழும். மறுபடியும் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னாலும் போகட்டும். "சரிங்க. எப்ப வேணும்னாலும் வாங்க" என்று விட்டுவிடுங்கள். இந்த விஷயமாக வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். அவர் போன் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அவர் வாயால் சொல்லும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைக்கலாம். கைக்கு அடங்கும் சீட்டாகக் கொடுத்தால் வீட்டில் பையைச் சோதிக்கும்போது மாட்டும். கதவில் இருப்பதை மனப்பாடம் செய்துகொண்டு போகலாம்.

கணக்கில் வரும் தப்புக்கு வருகிறேன். நீண்ட நாள் பயத்தில் வாழ்கிற உடம்பு எந்நேரமும் அடுத்த அடியை எதிர்பார்த்தே இருக்கும். தூக்கம் கெடும், எண்ணிக்கை நழுவும், பின்னாலிருந்து ஒரு குரல் உயர்ந்தால் தூக்கிவாரிப்போடும். நடந்ததைச் சொல்லும்போது முன்பின்னாக வரும், ஒருநாள் சொன்னது மறுநாள் மாறும். நம் விசாரணைப் பழக்கம் இதைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறது. அதிர்ச்சியில் பதிந்த நினைவு துண்டுதுண்டாக வருவது இயல்பு. எனவே ஒரே கதையை ஹெச்.ஆர்., சூப்பர்வைசர், ஜி.எம். என்று மூன்று பேர் கேட்கக் கூடாது. ஒருவர் கேட்டால் போதும். லைன் சூப்பர்வைசருக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. மேசைக்குப் பின்னால் வந்து நின்று கத்தக் கூடாது, முன்னால் வந்து பேச வேண்டும், அன்றைய டார்கெட்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும், ஷிப்ட் மாற்றத்தை முந்தின நாளாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். வாசலைப் பார்த்த மாதிரி இருக்கை மாற்றித்தரலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அதற்காகத் தப்பையெல்லாம் மூடி மறைக்கவும் வேண்டாம். அது இரண்டு மாதத்தில் லைனில் பொறாமையாகத் திரும்பும், அவருக்கும் தன்மீது இரக்கப்படுகிறார்கள் என்ற கூச்சத்தைத் தரும். ஆறு வாரத்துக்கு டார்கெட் இவ்வளவு, இன்ன தேதியில் மறுபடி பார்ப்போம் என்று, மஞ்சள் காமாலையிலிருந்து எழுந்து வந்தவருக்குச் செய்வதைப் போலவே செய்யுங்கள். மெமோவை அதுவரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

உங்களால் அதிகம் செய்ய முடிவது கேட்டிலும் உங்கள் கோப்புகளிலும்தான். யார் கூப்பிட்டாலும், யாரைக் கேட்டாலும், "ஊழியர் இருக்காங்களா இல்லையான்னு போன்ல சொல்றதில்லைங்க, தகவல் இருந்தா குறிச்சுக்கறேன்" என்ற ஒரே பதிலை ரிசப்ஷனுக்குப் பழக்குங்கள். எல்லோருக்கும் பொதுவான விதியாக இருந்தால்தான் இவள் சொல்லித்தான் மாற்றினார்கள் என்ற சந்தேகம் வராது. ஷிப்ட் பட்டியல் கேட்டுக்கு வெளியே தெரிகிற நோட்டீஸ் போர்டில் இருந்தால் உள்ளே மாற்றுங்கள். பஸ் ஏறும் இடம், வெளியேறும் நேரம், வேறு கேட் ஆகியவற்றை அவர் விரும்பினால் மட்டும் மாற்றுங்கள். வழக்கமான நேரத்துக்கு வீடு வந்து சேராத ஒரே ஒரு மாலைகூட அவருக்கு ஆபத்தாகலாம், அதை அவர்தான் கணக்கிட முடியும். செக்யூரிட்டியிடம் கணவரின் படத்தைக் கொடுப்பதும் அப்படித்தான். சம்மதம் இருந்தால், "இவரை உள்ளே விட வேண்டாம், வந்தால் இன்னாரைக் கூப்பிடு" என்பதோடு நிறுத்துங்கள்.

பிறகு அந்தப் பெண்ணின் ஃபைலைத் திறந்து பாருங்கள். அவசரத் தொடர்பு எண் யாருடையது? பெரும்பாலும் கணவருடையதாகத்தான் இருக்கும். அவர் லைனில் மயங்கி விழுந்தால் உங்கள் நர்ஸ் முதலில் கூப்பிடப் போவது அந்த எண்ணைத்தான். பி.எஃப். கணக்கின் அடையாள எண்ணான யு.ஏ.என்.னோடு எந்த செல்போன் எண் இணைந்திருக்கிறது? ஓ.டி.பி. யாருக்குப் போகிறது? நாமினி யார்? சம்பளம் போகும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யார் பையில்? ஒவ்வொன்றையும் மாற்றலாம் என்று தெரியப்படுத்துங்கள், நீங்களாக மாற்றிவிடாதீர்கள். சம்பளம் வேறு கணக்குக்குப் போனால் முதல் தேதியன்றே வீட்டில் தெரிந்துவிடும். மாதச் சம்பளம் பழைய கணக்கிலேயே போகட்டும், ஓ.டி. பணத்தையும் போனஸையும் மட்டும் இன்னொரு கணக்குக்கு அனுப்பப் பேரோலில் வழியுண்டா என்று விசாரியுங்கள். தனியாகக் கொஞ்சம் பணம் சேர்வதற்கு அது ஒரு வழி.

விடுப்பு விஷயத்தில் நம் சட்டம் பின்தங்கித்தான் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2004லேயே வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் பத்து நாள் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தது. நியூசிலாந்து 2019லும் ஆஸ்திரேலியா 2023லும் அதே பத்து நாளைக் கொண்டுவந்தன. ஆஸ்திரேலிய விதியில் நாம் இன்றே எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு: சம்பளச் சீட்டில் அந்த விடுப்பின் பெயர் வரக் கூடாது. உங்கள் லீவு ஆப்பிலும் ரெஜிஸ்டரிலும் காரணம் எழுதும் கட்டத்தில் "சொந்தக் காரணம்" போதும். கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரைநாள் அனுமதி கொடுங்கள். இ.எஸ்.ஐ.க்குள் வருபவராக இருந்து அங்குள்ள மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீத ஊதியம் நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும்.

புகார்க் குழுத் தலைவி சொன்னது பாதி சரி. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்துப் பாலியல் தொல்லைக்கானது, வீட்டு வன்முறையை அந்தக் குழு விசாரிக்க முடியாது. கணவரும் உங்கள் கம்பெனியிலேயே வேலை பார்த்து, உள்ளேயே தொல்லை கொடுத்தால் கதை வேறு. ஆனால் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்பதால் கம்பெனிக்குக் கடமை இல்லை என்றாகாது. 2019இன் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை வீட்டு வன்முறையின் விளைவைப் பணியிடப் பிரச்சினையாகவே பார்க்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை என்றாலும் வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டில் அந்தப் பெயர் அடிபடும். ஜி.எம்.மிடம் அதைச் சொல்லலாம், மனிதாபிமானத்தைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

அந்தப் பெண் சட்டத்தை நாட விரும்பினால், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. குற்றவியல் நடுவரிடம் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மனுப் போட்டால் முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். எனவே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். 18ஆம் பிரிவுப் பாதுகாப்பு உத்தரவில் வேலை செய்யும் இடத்துக்குள் வரத் தடை கேட்கலாம். வழக்கறிஞர்கள் வீட்டு முகவரியோடு நிறுத்திக்கொள்வதுண்டு. கம்பெனி முகவரியும், யூனிட் இரண்டு இருந்தால் இரண்டும், மனுவில் வரவேண்டும். உத்தரவின் நகல் உங்களிடம் இருந்தால், அவர் மறுபடி வந்து நிற்கும்போது 112க்கு அழைத்து அதைக் காட்டலாம். மீறினால் 31ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அவருக்காக நீங்கள் ஓடிப்போய்ப் புகார் கொடுக்காதீர்கள். 4ஆம் பிரிவு யார் வேண்டுமானாலும் நல்லெண்ணத்தில் தகவல் தரலாம் என்கிறது, பொறுப்பும் சுமத்தாது. இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் போன ஒரு தகவல், அவர் தயாராவதற்கு முன்பே போலீசை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடும்.

இதற்கு விலக்கான சில அடையாளங்கள் உண்டு. கழுத்தை நெரித்ததாக அவர் சொன்னால், வெளியே தடம் இல்லாவிட்டாலும், அதை அடி உதையோடு சேர்த்து எண்ணாதீர்கள். முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2008இல் கண்டது. குரல் கம்மியிருந்தால், விழுங்கச் சிரமம் இருந்தால், அன்றே ஆஸ்பத்திரி. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், பின்தொடர்தல், எல்லாவற்றுக்கும் மேலாக "நான் பிரிஞ்சு போகப்போறேன்" என்று அவர் சொல்லிவிட்ட நாட்கள், இவைதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலம். விட்டு வந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று செக்யூரிட்டியைத் தளர்த்துவது பெரும் தவறு. அந்த வாரங்களில்தான் கேட்டை இறுக்க வேண்டும்.

உங்கள் சொந்த போன் எண்ணைக் கொடுக்காதீர்கள், உங்கள் வீட்டில் தங்கவைக்காதீர்கள். அவர் கணவர் அடுத்து வந்து நிற்பது உங்கள் வாசலில். கம்பெனியில் இதை அறிந்தவர்கள் இருவர் போதும், நீங்களும் நீங்கள் லீவில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள இன்னொருவரும்.

கடைசியாக, போன வாரம் கேட்டில் நடந்தது. சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும். இதைப் படித்தவுடன் அந்த நேரத்துப் பதிவைத் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால் 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டியிருக்கும். எந்தக் கேமரா, யார் எடுத்தது, எந்த டிரைவில் வைத்தது என்று இன்றே எழுதி வையுங்கள். கேட் ரெஜிஸ்டரில் தேதி, நேரம், அந்த ஆள் சொன்ன சொற்கள் அப்படியே. உங்கள் அபிப்பிராயம் ஒரு வரிகூட வேண்டாம். அந்தப் பெண்ணின் பெர்சனல் ஃபைலில் வைக்காமல் பூட்டிய அலமாரியில் தனியாக வையுங்கள். இப்படி ஒன்று இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.