கேள்வி பதில்: பட்டியலில் இல்லாத வீடுகள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சமூகவியல் இறுதி ஆண்டு. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களை ஊர் எந்தளவுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று ஆய்வு செய்யப் போகிறேன். பிரதேச செயலகப் பட்டியலை எடுத்து வினாக்கொத்து கொடுத்தால் போதுமா?
– ஒரு மாணவி, கோண்டாவில்

பதில்: பட்டியலை எடுங்கள் பிள்ளை. ஆனால் அதில் யார் விடுபட்டார்கள் என்பதையும் தேடுங்கள்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். பலர் புத்தளம் போனார்கள். அன்று சோனகத் தெருவில் ஒரு குடும்பமாக இருந்தவர்கள், பிள்ளைகள் கலியாணம் கட்டி இன்று நாலைந்து குடும்பம். காணி மட்டும் அதே துண்டு. மகள் திரும்பி வந்தாலும் வீடு கட்ட இடமில்லை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் புத்தளத்தில். அங்கும் இங்குமாக இருக்கும் இவர்களை எந்த விதானையார் (கிராம உத்தியோகத்தர்) பதிவார்?

ஐந்து வருடம் கழித்து அதே திகதியில், இராணுவம் நெருங்கியபோது, யாழ் நகரும் அதைச் சுற்றிய வலிகாமமுமே நாவற்குழிப் பாலம் தாண்டிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நானும் நடந்தேன். அந்தக் கதையை எல்லா வீட்டிலும் சொல்கிறோம், முந்தியதைச் சொல்பவர்கள் குறைவு. சரி, அதை விடுவோம்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேறியவர்கள். வசதியுள்ளவர்கள் முகாமைவிட்டு முன்னமே போய்விட்டார்கள். மல்லாகம், சுன்னாகம் பக்க முகாம்களில் கால் நூற்றாண்டு தாண்டியும் இருந்தவர்களில் பலர் சொந்தக் காணி இல்லாத கூலிக்காரர். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை விட்டபோது அவர்களுக்கு எதை விட்டது?

இதில் சாதியும் இருக்கிறது. வினாக்கொத்தில் கேட்டால் உண்மை வராது. எந்தக் கிணற்றில் அள்ளுகிறார்கள், கோயில் திருவிழாவில் அவர்களுக்கு உபயம் உண்டா, சனசமூக நிலைய நிர்வாகத்தில் அவர்களில் யாராவது இருக்கிறார்களா? ஊரில் நாலு நாள் திரிந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஆய்வில் பதில் சொல்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவம். சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த காலத்தில் ஒரு முகாமில் ஓர் ஆச்சியைக் கண்டேன். சொப்பிங் பையை அவிழ்த்து நிவாரண அட்டை, பிறப்புப் பத்திரம், மங்கிப்போன துண்டுகள் எல்லாவற்றையும் பாயில் பரப்பினார். எல்லாம் காட்டினார், கையெழுத்து மட்டும் வைக்கவில்லை. "வைச்சா நிவாரணத்தை வெட்டிப்போடுவினமோ தம்பி?" என்று கேட்டார். பயம் நியாயமானதுதான், முன்பு எத்தனையோ தாள்களில் கையெழுத்து வைத்தவர்.

ஆகவே வாய்மொழிச் சம்மதம் போதும் என்று பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி எடுங்கள். களத்துக்குப் போன பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.