மரச்சட்டத்தில் நெய்தால் பாவு அறுகிறது, துணி நடுவில் ஒடுங்குகிறது. எனக்கு நெசவு வராதா?

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், யூடியூப் பார்த்து சட்டத்தில் ஆணி அடித்து நெய்தேன், நெசவுக் குடும்பத்தில் பிறக்காததால்தான் வரவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். பிறப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெய்யும்போது கண்ணில் படும் குறைகளில் முக்கால்வாசி, பாவு, அதாவது நீளவாக்கு நூல், போடும்போதே வந்துவிட்டவை.

ஆணி அடித்த சட்டமெல்லாம் தறியா என்று நெசவாளர்கள் வாழும் அம்மாப்பேட்டையில் யாராவது கேட்பார்கள். தறி இல்லைதான். காலைக் குழிக்குள் விட்டு நெய்யும் குழித்தறியின் கால்மிதி, பாவைத் தூக்கும் விழுது, குறுக்கு நூலைத் தட்டும் அச்சு எதுவும் இதில் கிடையாது. ஆனால் பாவும், குறுக்கே போகும் ஊடையும் ஒன்றையொன்று பிடிக்கும் விதம் இரண்டிலும் ஒன்றே. அதைக் கற்க இந்தச் சட்டம் போதும்.

முதலில் நூல். நீங்கள் வாங்கியது ஒற்றை நூலாக, அதாவது ஒரே இழையாக முறுக்கியதாக இருக்கும். கஞ்சி போடாத ஒற்றை நூல் பாவுக்கு நிற்காது. உரசலில் பிசிறு எழும்பி, முறுக்கு தளர்ந்து அறும். சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் மோசம், ஏனென்றால் பருத்தி ஈரத்தில்தான் வலுவாக இருக்கும், காய்ந்தால் நொறுங்கும். தறியைக் குழிக்குள் இறக்கி வைத்ததில், மண்ணின் ஈரம் நூலைக் காய விடாது என்ற வசதியும் உண்டு. எனவே பல இழை சேர்த்து முறுக்கிய தடித்த பருத்தி நூல் வாங்குங்கள். அதற்குக் கஞ்சி தேவையில்லை. பின்னல் கம்பளி நூல் வேண்டாம், இழுத்தால் நீளும்.

ஒற்றை நூல்தான் கையில் இருக்கிறதென்றால், வடித்த கஞ்சியில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் வடிகட்டி, நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, சிட்டத்தை (நூல் கட்டை) அதில் முக்கிப் பிழியுங்கள். கொடியில் போட்டு, காயும்வரை அடிக்கடி உதறித் திருப்பினால்தான் இழை ஒன்றோடொன்று ஒட்டாது. கஞ்சி கெட்டியானால் நூல் விறைத்து, நெய்யும்போது உதிரும். நெசவாளர்கள் இதையே தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, விடியற்காலையில் செய்வார்கள். நம் ஊரில் 'பாவடி' என்று இடங்களுக்குப் பெயர் இருப்பது அதனால்தான்.

அடுத்தது இழை நெருக்கம். நூலை ஸ்கேலில் நெருக்கமாக, இறுக்காமல் ஒரு அங்குலம் சுற்றி எண்ணுங்கள். 16 சுற்று வந்தால் பாவில் அங்குலத்துக்கு 8 இழை. பாதி ஏன் என்றால், இரண்டு பாவு இழைக்கு நடுவில் ஊடை ஏறி இறங்க அதன் தடிமன் அளவு இடம் வேண்டும். கால் அங்குலத்துக்கு ஒரு ஆணி அடித்து, மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டே போனால் இந்த 8 தானாக வரும். 10 அங்குல அகலத்துக்கு 80 இழை. சட்டம் 2 அடி உயரமென்றால் பாவுக்கு மட்டும் சுமார் 49 மீட்டர். 18 அங்குலம் நெய்ய ஊடைக்கு 40 மீட்டர். 100 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவை ஒரே மூச்சில் ஓட்டுங்கள். நடுவில் எழுந்து போய் வந்தால் கையின் இழுப்பு மாறிவிடும். இன்னொன்றும் நடக்கும்: இழை ஏற ஏறச் சட்டம் உள்பக்கம் வளைந்து, முதலில் போட்ட இழைகள் தொய்ந்துவிடும். முடித்ததும் உள்ளங்கையால் குறுக்கே அழுத்திப் பாருங்கள். தொய்ந்த இடத்தில் ஆணியை ஒட்டி ஓர் அட்டைக் கீற்றைச் செருகினால் சரியாகும்.

இனி ஒடுங்கும் விஷயம். ஊடையை நேராக இழுத்துத் தட்டுகிறீர்கள். ஊடை நேர்க்கோட்டில் போவதில்லை, ஒவ்வொரு இழைக்கும் ஏறி இறங்குகிறது. அந்த அதிக நீளத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் ஓர இழைகளை இழுத்து எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் ஊடையை லேசாகப் பிடித்து, நடுவில் சின்னக் குன்று போல் வளைத்துப் போட்டு, பிறகு சீப்பால் நடுவிலிருந்து தட்டுங்கள். நான்கு ஊடைக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அகலம் பாருங்கள். கால் அங்குலம் குறைந்தாலே பிரித்துவிடுங்கள், பின்னால் சரியாகும் என்று விடாதீர்கள்.

வகுப்பு தேடுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 1960 முதல் நம் ஊரில் இருக்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று ஆண்டுப் பட்டயம் போன்ற முழுநேரப் படிப்புகளுக்கானது, பொழுதுபோக்குக்கு அல்ல. ஒருநாள் பயிற்சி என்று காசு வாங்கி, முன்பே பாவு போட்ட சட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்களிடம் போகாதீர்கள். பாவு போடக் கற்றுத்தராதது நெசவுப் பயிற்சியே அல்ல.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. ஓரத்தில் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று கடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். விசைத்தறியிலும் அகலம் சுருங்காமல் பிடிக்க ஊசிவளையம் உண்டு, அதுவும் துளை போடும். சில துணி ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985லேயே சட்டம் வந்தும், விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் இந்தப் பொய் தறிக்காரரின் கூலியைத் தின்கிறது.

முதல் துண்டுக்குப் பாவு வெள்ளையாகவும் ஊடை கருநீலமாகவும் இருக்கட்டும். ஒரு இழை தாண்டினாலும் அந்த வரியிலேயே தெரியும், அப்போதே பிரித்துவிடலாம்.