டைட்டானிக் மாடலுக்குள் விளக்கு: கசியாத வெளிச்சத்துக்கு ஒரு வேலை வரிசை

கேள்வி: பள்ளி நாட்களில் 1:72 அளவில் சில போர் விமானங்களை ஒட்டியிருக்கிறேன். 22 ஆண்டுகள் கழித்து இப்போது 1:350 அளவு டைட்டானிக் பிளாஸ்டிக் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே விளக்கு எரிந்து, சன்னல்களில் வெளிச்சம் தெரிய வேண்டும் என்பது ஆசை. எல்இடி வேலை எனக்குப் புதிது, வண்ணத்தைக் காற்றால் தூவும் ஏர்பிரஷும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், திருச்சி)

விளக்கு வைத்த மாடலைக் கெடுப்பது பெரும்பாலும் ஒளிக்கசிவு. கிட்டில் வரும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மெல்லியது. அதிலும் வெள்ளையாக வார்த்த மேற்கட்டுமானம் (உடற்கூட்டுக்கு மேலே நிற்கும் தளங்களும் அறைகளும்), உள்ளே ஒரு எல்இடி எரிந்தாலே சன்னல் எது சுவர் எது என்று தெரியாதபடி முழுவதும் ஒளிரும். ஆகவே சிறுவயதில் நீங்கள் பழகிய 'முதலில் ஒட்டு, கடைசியில் வண்ணம் பூசு' என்ற வரிசையை இந்தக் கப்பலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே துளை, உட்பூச்சு, வெளிப்பூச்சு, கம்பி என்ற நான்கும் முடிந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், விலை குறைந்த சிறிய கிட் ஒன்றை வாங்கி, இரண்டு வார இறுதிகளை அதற்குக் கொடுத்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

உண்மைக் கப்பலின் நீளம் சுமார் 269 மீட்டர். உங்கள் மேசையில் அது 77 சென்டிமீட்டராக நிற்கும். உள்ளே கை விட இடமிருப்பதால் விளக்கு வேலையைக் கற்க இது நல்ல அளவுதான். 1912-இல் அந்தக் கப்பலுக்கு நான்கு 400 கிலோவாட் டைனமோக்கள் 100 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தன, சுமார் 10,000 இழை பல்புகள் எரிந்தன என்பது பதிவு. இழை பல்பின் ஒளி மஞ்சள் சாய்ந்தது. ஆகவே கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு, 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள எல்இடியை வாங்குங்கள். நீலம் பாய்ந்த 'கூல் ஒயிட்' போட்டால், கப்பல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் காலம் பொய்த்துவிடும்.

உங்கள் கிட்டில் வட்டச் சன்னல்கள் குழியாக மட்டும் இருந்தால், கைத்துளைப்பானில் 1 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி, வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பித் துளையிடுங்கள். மின்சாரத் துளைப்பானின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளையின் விளிம்பு சுருண்டுவிடும். பிறகு எல்லாப் பாகங்களையும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் வண்ணம் பிடிக்காது.

அடுத்தது உட்பூச்சு. உடற்கூட்டின் உட்பக்கத்திலும் மேற்கட்டுமானத்தின் உட்பக்கத்திலும் பளபளப்பில்லாத மேட் கறுப்பை இரண்டு பூச்சாவது பூசுங்கள். வாகனங்களுக்கான ஸ்ப்ரே கேனைப் பயன்படுத்தினால், தூரத்திலிருந்து மெல்லிய தூறலாக மட்டும் அடிக்க வேண்டும், ஏனெனில் நனையும்படி அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சை உள்ளே வைத்துப் பாருங்கள். முதல் முறை பார்க்கும்போது, பூச்சு மெலிந்த ஒவ்வொரு மூலையும் செம்பழுப்பாகத் தெரியும். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுபடி பூசி, மறுபடி பாருங்கள். சன்னல் துளைகளைத் தவிர வேறெங்கும் ஒளி தெரியாத நிலை வந்த பிறகே கறுப்பின் மேல் வெள்ளை பூச வேண்டும். வெள்ளை ஒளியைச் சிதறடித்து எல்லாச் சன்னல்களுக்கும் சமமாகப் பகிர்ந்து கொடுக்கும். எல்லா அறையிலும் விளக்கெரியும் கப்பல் எங்குமில்லை என்பதால், அங்கங்கே சில துளைகளை உட்புறமாகக் கறுப்பால் அடைத்துவிடுவது நல்லது. உயிர்ப்பு அதில்தான் வரும்.

மின்வேலைக்குப் பழைய வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் போதும். வெள்ளை எல்இடி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 வோல்ட் எடுக்கும். மூன்றைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட் போக, மீதி 3 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகம்) தாங்க வேண்டும். 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 3 மில்லிஆம்பியர் ஓடும், இந்த அளவு மாடலுக்கு அந்த வெளிச்சமே தாராளம். இப்படிப் பத்துத் தொடர்கள், முப்பது எல்இடி. அத்தனைக்கும் சேர்த்து 30 மில்லிஆம்பியர்தான் என்பதால் சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொரு தொடருக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். அவற்றைக் கப்பலுக்குள் வைக்காமல், கம்பிகளைத் தாங்கியின் பித்தளைக் குழாய் வழியே இறக்கி, மரப் பீடத்துக்குள் வையுங்கள். ஒரு பகுதி கண்ணைக் கூசினால், கப்பலைத் திறக்காமலே 2200 ஓமுக்கு மாற்றிவிடலாம். முன்னோக்கி நின்றால் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை வழிவிளக்குகள். இவற்றுக்குத் தனித்தனி இணைப்பு கொடுங்கள், சிவப்புக்கு 4700 ஓம் பொருந்தும். பச்சை நம் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதால் அதற்கு இன்னும் பெரிய மதிப்பை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடையில் 42 கேஜ் வைண்டிங் ஒயர் கேளுங்கள், அதன் மேலுள்ள காப்புப் பூச்சு (எனாமல்) சால்டர் சூட்டில் விலகும் வகையாக இருக்கட்டும். தலைமுடி போல 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சால்டரிங் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, கம்பியின் நுனியை அதற்குள் சில விநாடிகள் வைத்தால் எனாமல் கருகி விலகி, செம்பு வெள்ளியாக மின்னும். அந்த மினுக்கம் தெரியாமல் பற்றவைத்தால் இணைப்பு பிடிக்காது. சால்டர் வேலை அனைத்தையும் கப்பலுக்கு வெளியே, ஒரு மரப்பலகையின் மேல் முடித்துவிட்டே உள்ளே பொருத்த வேண்டும், ஏனெனில் பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும்.

பசையில் நான் பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டும். என் முதல் விளக்குக் கப்பலில் கம்பிகளை அவசரத்தில் சூப்பர் க்ளூவால் ஒட்டி, அன்றிரவே மேல்தளத்தை மூடினேன். காலையில் பார்த்தால், தெளிவாக இருந்த சன்னல்களில் பாதி, குளிர்நாளில் மூச்சு விட்ட கண்ணாடி போல வெண்மை படர்ந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் சுற்றி வந்து, தெளிந்த பாகங்களில் படிந்துவிடும். துடைக்க உள்ளே வழியில்லாமல் போயிற்று. கம்பியையும் எல்இடியையும் பிடிக்க எபாக்ஸியோ வெள்ளைப் பசையோ போதும். அதே வெள்ளைப் பசையை ஊசி முனையில் எடுத்து 1 மில்லிமீட்டர் துளையில் தடவினால், காய்ந்ததும் தெளிந்த படலமாகிச் சன்னல் கண்ணாடியாகவும் அமையும்.

மூடுவதற்கு முன் இரண்டு நாள் தொடர்ந்து எரியவிடுங்கள். பழுதாகும் எல்இடியும் பிடிக்காத இணைப்பும் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். மேல்தளம் உடலோடு சேரும் விளிம்பில் கறுப்புப் பூசிய பிளாஸ்டிக் பட்டையை உட்புறமாக ஒட்டி, கோடாகக் கசியும் ஒளியைத் தடுத்துவிடுங்கள்.

வெளிப்பூச்சு, முன்பே சொன்னபடி, சன்னல் படலத்துக்கும் கம்பிக்கும் முன்னால் முடிய வேண்டியது. ஏர்பிரஷ் இல்லாதது குறையில்லை. உடலுக்கு ஸ்ப்ரே கேனும், நுண் பகுதிகளுக்கு 0 எண் தூரிகையும் போதும். மழைக்கால ஈரத்தில் மட்டும் லாக்கர் (வேகமாகக் காயும் ஸ்ப்ரே வண்ணம்) அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பாலாடை போல வெளுத்துவிடும். உடலுக்குச் சுத்தக் கறுப்பைவிட, சிறிது சாம்பல் கலந்த கறுப்பு இந்த அளவில் இயல்பாகத் தெரியும். முழுப் பளபளப்பு பொம்மைத் தோற்றம் தரும், ஆகவே கடைசி வார்னிஷ் அரைப் பளபளப்பான சாட்டினாக இருக்கட்டும். மேல் விளிம்பின் மெல்லிய மஞ்சள் கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை நகத்தால் அழுத்தி, அதன் ஓரத்தில் முதலில் கறுப்பையே ஒருமுறை பூசுங்கள். கசிவதெல்லாம் கறுப்பாகவே கசிந்து ஓரம் அடைபடும், பிறகு பூசும் மஞ்சள் கூர்மையாக நிற்கும்.

மரத்தளத்துக்குப் பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கனிமத் தின்னரில் நீர்போலக் கரைத்து, நன்கு காய்ந்த அக்ரிலிக் பூச்சின் மேல் ஓடவிட்டுத் துடைத்தால், பலகைக் கோடுகள் தாமே எழும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்ஹாம்ப்டனிலிருந்து கிளம்பி 15-ஆம் தேதி அதிகாலையில் மூழ்கிவிட்டது. விளக்கெரியும் அந்தக் கப்பல் புத்தம் புதியது, அதன் உடலில் துரு வழிய நாட்களே கிடைக்கவில்லை.