டேங்க் படம் போட்ட வெள்ளி ரவுண்டு: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: மாமா இறந்தப்புறம் அவரோட பெட்டியில ஒரு பெரிய வெள்ளி காசு கிடைச்சுது. ஒரு பக்கம் டேங்க், மறுபக்கம் கழுகு, 'ஆபரேஷன் டெசர்ட் ஸ்டார்ம் 1991', 'ஒன் டிராய் அவுன்ஸ் .999 ஃபைன் சில்வர்'னு எழுதியிருக்கு. டாலர், சென்ட்னு எதுவுமே இல்ல. இது நாணயமா? எவ்வளவு மதிப்பு போகும்?

பதில்: நாணயம் இல்லீங்க, இதை 'ரவுண்டு'ன்னு சொல்வாங்க. ஒரு நாட்டு அரசாங்கம் வெளியிட்டாதான் நாணயம், பெரும்பாலும் அதுல இவ்வளவு ரூபாய், இவ்வளவு டாலர்னு முகமதிப்பும் போட்டிருக்கும். உங்க கையில இருக்கறது ஏதோ ஒரு தனியார் மின்ட் (காசு அடிக்கற ஆலை) அடிச்சது, கடையில நீட்டினா பணமா செல்லாது, ஆனா உள்ள இருக்கற வெள்ளி வெள்ளிதான், .999னா 99.9 சதவீதம் சுத்தம்னு அர்த்தம். ராணுவப் படம், கொடி, கழுகு எல்லாம் இருக்கறதால அரசாங்கமே அடிச்ச மாதிரி தோணும், நிறைய பேர் அங்கதான் குழம்பறாங்க.

மதிப்பு பார்க்க முதல் வேலை எடை. டிராய் அவுன்ஸ்னா 31.1 கிராம், மளிகைக்கணக்கு அவுன்ஸ் 28.35 கிராம்தான், ரெண்டையும் கலந்துட்டா கணக்கே தப்பாயிடும். 0.01 கிராம் காட்டற சின்ன தராசுல வச்சுப் பாருங்க. 31.1 வந்தா, அன்னிக்கு உலகச் சந்தையில ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு என்ன ஸ்பாட் ரேட்டோ (அந்த நேரத்து சந்தை விலை) அதுதான் உங்க அடிப்படை விலை. வாங்கறவர் லாபம் வைக்கணும்ல, அதனால ஸ்பாட்டை விட கொஞ்சம் கம்மியா கேட்பார், அது ஏமாத்து வேலை இல்ல.

டெசர்ட் ஸ்டார்ம்ங்கறது ஈராக்குக்கு எதிரா அமெரிக்கா தலைமையில நடந்த வளைகுடாப் போர், 1991 ஜனவரி 17ல ஆரம்பிச்சு பிப்ரவரி 28ல முடிஞ்சுது, அந்தப் போரை வச்சு தனியார் மின்ட்டுங்க விதவிதமா ரவுண்டு அடிச்சாங்க, அதனால படத்துக்காகவே பெருசா கூடுதல் விலை கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அடிச்ச மின்ட்டோட முத்திரை இருக்கான்னு லென்ஸ் வச்சுத் தேடுங்க. எங்கல்ஹார்ட், ஜான்சன் மத்தே மாதிரி பழைய பேருங்களுக்குன்னு சேகரிக்கறவங்க இருக்காங்க, அதுக்கு ஸ்பாட்டுக்கு மேல தருவாங்க. ஆனா விலை தெரிஞ்சுக்க விற்பனைக்குப் போட்டிருக்கற விலையைப் பார்க்காதீங்க, அதே ரவுண்டு கடைசியா உண்மையில எவ்வளவுக்கு வித்துச்சுன்னு பாருங்க. கேட்கற விலை யார் வேணா என்ன வேணா போடலாம்.

கேள்வி: என்கிட்ட இருக்கற மெரீன் கோர் (அமெரிக்கப் படைப்பிரிவு) ரவுண்டுல '100 மில்ஸ் .999 ஃபைன் சில்வர்'னு போட்டிருக்கு. .999னு இருக்கே, சுத்த வெள்ளிதானே?

பதில்: இல்லீங்க, வருத்தமாத்தான் இருக்கு ஆனா சொல்லியே ஆகணும், இது முலாம். எடையை ஒரு எழுத்துகூட சொல்லாம சுத்தத்தை மட்டும் பெருசா போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் அடையாளம். மில்னா ஒரு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, நிஜமாவே 100 மில் வெள்ளின்னா 2.54 மில்லிமீட்டர், இந்த மாதிரி ரவுண்டோட மொத்த தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அப்படின்னா முழுசும் வெள்ளியா இருக்கணும், அது நடக்காது. உள்ள செம்போ பித்தளையோதான் இருக்கும். 'கிளாட்', 'பிளேட்டட்'னு இருந்தாலும் இதே கதை. 'ஜெர்மன் சில்வர்'ங்கறது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, பேர்ல மட்டும்தான் வெள்ளி.

சந்தேகம் தீரணும்னா வீட்லயே ஒரு டெஸ்ட் பண்ணலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா காசுல ஒரு கீறல்கூட விழாது. தராசு மேல தண்ணி கப் வச்சு சைபர் ஆக்குங்க, ரவுண்டை மெல்லிசு நூல்ல கட்டி, கப்போட அடியில, பக்கத்துல இடிக்காம முழுசா தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. இப்ப தராசு காட்டற எண்ணால ரவுண்டோட காய்ஞ்ச எடையை வகுத்தா அடர்த்தி வரும். சுத்த வெள்ளிக்கு 10.49. அதாவது 31.1 கிராம் ரவுண்டுக்கு தராசு சுமார் 2.96 காட்டணும், 3.5 பக்கம் போச்சுன்னா உள்ள செம்பு. காந்தம் ஒட்டலைங்கறதை மட்டும் நம்பாதீங்க, செம்பும் பித்தளையும் ஈயமும்கூடத்தான் ஒட்டாது. காந்தம் ஒட்டினா அது வெள்ளி இல்லங்கறது மட்டும்தான் நிச்சயம்.

கேள்வி: 1991னு போட்ட கொரியப் போர் நினைவுக் காசு ஒண்ணு இருக்கு. எடை 26.7 கிராம்தான் வருது. டூப்ளிகேட்டா?

பதில்: 'ஒன் டாலர்'னு எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா அது ரவுண்டே இல்ல, அமெரிக்க அரசாங்க மின்ட் போர் முடிஞ்ச 38வது வருஷ நினைவா வெளியிட்ட நாணயமா இருக்கலாம். ஒரு பக்கம் மேடேறி ஓடற சிப்பாய், மறுபக்கம் கொரியா வரைபடமும் கழுகுத் தலையும் இருக்கும். அதோட சரியான எடையே 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு, ஆக சுத்த வெள்ளி 24 கிராம் சொச்சம். 31.1 வரலையேன்னு பயந்து போலின்னு தள்ளிடாதீங்க. 1994ல வியட்நாம் நினைவகம், போர்க்கைதிகள், ராணுவப் பெண்கள்னு வந்த மூணு டாலரும் இதே அளவுதான். பெட்டி, சான்றிதழ் இருந்தா பிரிக்காம ஒண்ணா வச்சிருங்க.

கேள்வி: அப்பாவோட ராணுவ மெடல்ல 'ஸ்டெர்லிங்'னு இருக்கு, கருத்துப் போச்சு. பாலிஷ் போட்டுட்டு விக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு தேய்க்காதீங்க! கருப்பு வர்றது காத்துல இருக்கற கந்தகத்தால, அது வெள்ளிக்கு இயல்பு. தேய்ச்சா நுணுக்கமான கோடு விழும், படத்தோட பளபளப்பு போயிடும், சேகரிக்கறவர் உடனே கண்டுபிடிச்சு விலையைக் குறைப்பார். ஸ்டெர்லிங்னா 92.5 சதவீதம், எடையை 0.925ஆல பெருக்குங்க, வர்ற கிராமுக்குத்தான் வெள்ளி விலை. அப்புறம் இது கடையில வாங்கின நினைவு மெடலா, இல்ல அப்பாவுக்கே படையில கொடுத்ததான்னு முதல்ல பாருங்க. விளிம்புல பேரோ சர்வீஸ் நம்பரோ பொறிச்சிருந்தா வெள்ளிக்கடைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க எடை போட்டு உருக்கிடுவாங்க. அவரோட சர்வீஸ் பேப்பர், ரிப்பன் எல்லாத்தையும் சேர்த்து ராணுவப் பதக்கம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க, அந்தப் பேப்பரோட சேர்ந்தா அதோட விலை வெள்ளிக்கணக்கைத் தாண்டிப் போகலாம்.